ஆழம் குறைந்த கடல்: சப்நாட்டிகா ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சப்நாட்டிகாவின் இரண்டு ஆட்டங்களையும் ஆடி முடித்தவர்களுக்கு,

'சப்நாட்டிகா: பிலோ சீரோ' முழு வடிவில் வெளிவந்தது 2021 மே 14 அன்று. முதல் 'சப்நாட்டிகா' அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2018 ஜனவரி 23 அன்று வந்திருந்தது. இரண்டையும் உருவாக்கியது சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம். களமும் ஒன்றுதான்: ஏறக்குறைய முழுவதும் கடலால் மூடப்பட்ட 4546பி என்ற கோள். இரண்டாவது ஆட்டம் முதலாவதற்கு ஈடாகவில்லை என்று சொல்பவர்கள் வழக்கமாக மூன்று குறைகளை அடுக்குகிறார்கள். கடல் சிறிது, கதாநாயகி ஓயாமல் பேசுகிறார், தரையில் நடக்கும் நேரம் அதிகம். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் விளைவுகள். முதல் ஆட்டத்தில் தேவை, கதை, அச்சம் ஆகிய மூன்றும் ஆடுபவரை ஒரே திசையில், கீழ்நோக்கி இழுத்தன. இரண்டாவதில் அவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. மற்ற குறைகளெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. (முடிவுகள் உட்பட இரண்டு கதைகளும் இம்மடலில் பேசப்படுகின்றன.)

முதல் ஆட்டம் 2014 டிசம்பரிலேயே, பாதி வளர்ந்த நிலையில், ஏர்லி ஆக்சஸ் முறையில் ஸ்டீமில் விற்பனைக்கு வந்துவிட்டது. அடுத்த மூன்று ஆண்டுகள் அது ஆடுபவர்களின் கண்ணெதிரே வளர்ந்தது. கடல்தரையை விருப்பப்படி குடையும் கருவி ஒன்று தொடக்கத்தில் இருந்தது. கணினிக்குச் சுமையானதால் பின்னர் எடுக்கப்பட்டது. துப்பாக்கி மட்டும் சேர்க்கப்படவே இல்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, இருக்கும் துப்பாக்கிகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்கத் தனக்கு மனம் வரவில்லை என்று இயக்குநர் சார்லி கிளீவ்லாந்து விளக்கியிருக்கிறார். ஆட்டத்தில் ரைபிள் என்ற பெயரில் ஒரு கருவி உண்டு. அது விலங்குகளைச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தும், அவ்வளவே. அறம் கருதி எடுத்த முடிவு ஆட்டத்தின் அச்சத்துக்கு அடித்தளமாகிவிட்டது. பெரிய விலங்கை எதிர்த்து வெல்லலாம் என்ற நினைப்பே எழாத இடத்தில், ஒளிவதையும் சுற்றிக்கொண்டு போவதையும் கற்காமல் தீராது.

அரோரா என்ற பிரம்மாண்டமான விண்கலம் கோளில் விழுந்து எரிகிறது. அதில் பணிபுரிந்த ரைலி ராபின்சன் உயிர்காப்புக் கலத்தில் ஏறித் தப்பி, ஆழமற்ற பவளத்திட்டு ஒன்றின் மேல் மிதக்கிறார். மூச்சை அடக்கி நீருக்குள் இருக்கக்கூடிய நேரம் 45 நொடி. சிறிய காற்றுத்தொட்டி ஒன்றைச் செய்தால் கூடுதலாக 30 நொடி. ஆட்டத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த நொடிகளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. பேட்டரி வேண்டுமென்றால் செம்பும் அமிலக் காளானும் வேண்டும். அவை காலடியிலேயே கிடைக்கும். சீமோத் என்ற ஒருவர் அமரும் நீர்மூழ்கியைவிடப் பெரிய கலம் வேண்டுமென்றால், கெல்ப் காட்டில் திரியும் ஸ்டாக்கர் மீனின் பல் வேண்டும். அந்த மீன் உலோகத் துண்டுகளைக் கவ்வி விளையாடும்போது பல் உதிரும்; அதைப் பொறுக்க அதன் வாய்க்கருகே போகவேண்டும். சீமோத்தும் வெறும் 200 மீட்டருக்குத்தான் தாங்கும். மேம்படுத்தி மேம்படுத்தி 900 மீட்டர் வரை கொண்டு போகலாம். அதற்கு மேல் வழியில்லை. அதற்குக் கீழே போக பிரான் கவச உடையோ சைக்ளாப்ஸ் நீர்மூழ்கியோ தேவை. அவற்றை 1,700 மீட்டருக்குத் தயார்செய்ய நிக்கலும் கயனைட்டும் தேவை. நிக்கல் கிடைப்பது லாஸ்ட் ரிவர் என்ற அடிக்கடல் ஆற்றுக் குகையில். கயனைட் அதற்கும் கீழே, எரிமலைக் குழம்பு ஓடும் பகுதியில். இந்தக் கடல் ஒரு படிக்கிணறு: ஒவ்வொரு படியிலும் இறங்கத் தேவையானது அதற்கு முந்தைய படியில் வைக்கப்பட்டிருக்கிறது.

கதையும் அதே படிகளில்தான் இறங்குகிறது. மீட்க வரும் சன்பீம் என்ற வணிகக் கலம் ரைலியின் கண்முன்னே சுட்டு வீழ்த்தப்படுகிறது. சுட்டது மலைத்தீவில் நிற்கும் வேற்றுலகப் பீரங்கி. காரா என்ற நுண்ணுயிரி கோளைவிட்டு வெளியேறாமல் தடுக்க, மறைந்துபோன ஓர் இனம் நிறுவிய காவல் அது. அதை அணைக்கப் போன ரைலிக்கும் தொற்று இருப்பது தெரியவருகிறது. தொற்றுள்ளவருக்குப் பீரங்கி பணியாது. கோளைவிட்டுப் போகவேண்டுமென்றால் குணமாக வேண்டும்; குணமாக வேண்டுமென்றால் கடலின் அடிக்குப் போகவேண்டும். வானத்துக்குப் போகும் வழி கடலடியில் இருக்கிறது என்ற இந்த முரண் ஆட்டத்தின் மையத்தில் ஆணியடித்ததுபோல் நிற்கிறது.

அதற்கு முன்பே அங்கே சிக்கியிருந்த டெகாசி கலத்தாரின் தடங்களும் இதைத்தான் செய்கின்றன. அவர்களுடைய முதல் குடில் மிதக்கும் தீவின் மேல், வெயிலில் இருக்கிறது. இரண்டாவது, காளான் குகைகளுக்குள் சுமார் 250 மீட்டரில். மூன்றாவது சுமார் 500 மீட்டரில், இருட்டில். ஒவ்வொரு குடிலிலும் கிடைக்கும் குரல் பதிவுகளைக் கேட்கக் கேட்க அடுத்ததைத் தேடத் தோன்றும். அடுத்தது எப்போதும் இன்னும் கீழே. கடைசியில் சுமார் 1,400 மீட்டரில், சிறைப்பட்டுக் கிடக்கும் சீ எம்பரர் என்ற மாபெரும் உயிரினத்தின் முன் ஆட்டம் வந்து நிற்கிறது. அதன் குஞ்சுகள் பொரிந்தால் மருந்து கிடைக்கும். அத்தனை ஆழத்துக்கு அஞ்சி அஞ்சி இறங்கியவரை அங்கே எதிர்கொள்வது மென்மையான ஒரு குரல். டாம் ஜூபர்ட் எழுதிய கதையில் திருப்பங்கள் அதிகமில்லை. அவை தேவைப்படவும் இல்லை.

அச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் ரசிகர்கள் இழந்ததாகச் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ரீப்பர் லெவியாதன் என்ற பேருயிர் சுமார் 55 மீட்டர் நீளம். ஆனால் அதைப் பார்த்துப் பயப்படுபவர்களைவிடக் கேட்டுப் பயப்படுபவர்களே அதிகம். கலங்கிய நீரில் பார்வை எட்டும் தூரம் குறைவு. அதன் கர்ஜனையோ அதைவிடப் பல மடங்கு தொலைவுக்கு வரும். எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. ஆட்டத்தில் வரைபடமே கிடையாது. திசைகாட்டியைக்கூட ஆடுபவரே செய்துகொள்ள வேண்டும். சில பகுதிகளுக்குள் நுழைந்ததும், இங்கே பேருயிர்கள் பல இருக்கின்றன, செய்யும் வேலை இந்த ஆபத்துக்குத் தகுமா என்று கைக்கணினி நிதானமான குரலில் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆடுபவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ரைலி பேசுவதில்லை. சைமன் சிலின்ஸ்கியின் இசையும் ஒலியமைப்பும் அந்த மௌனத்தை நிரப்பாமல் சுற்றிவந்து காவல்காக்கின்றன.

அச்சத்தின் இன்னொரு பாதி தொலைவு. ஆட்டத்தின் உலகம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம். எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை. நீந்திக் கடக்கும்போது பெரிது. வீட்டுக்குத் திரும்பப் போதுமான மின்சாரம் இருக்கிறதா என்ற கணக்கு எப்போதும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சைக்ளாப்ஸ் அத்தனை நேசிக்கப்பட்டது. 54 மீட்டர் நீளமுள்ள அந்த நீர்மூழ்கிக்குள் எழுந்து நடக்கலாம், பெட்டிகள் வைக்கலாம், செடி வளர்க்கலாம். இயந்திரத்தை அதிகம் விரட்டினால் தீப்பிடிக்கும். கீழ்த்தளத்துக்கு ஓடி அணைக்கவேண்டும். வேகத்தைக் குறைத்து, ஓசையடக்கி, கேமராக்கள் வழியே இருட்டைப் பார்த்தபடி ஒரு பேருயிரைக் கடந்து போவது இந்த ஆட்டத்தின் உச்சமான அனுபவங்களில் ஒன்று. ஓட்டுவதற்குத் தொல்லைதான். அந்தத் தொல்லை இல்லாவிட்டால் அது நடமாடும் வீடாகாமல் வெறும் வண்டியாகியிருக்கும்.

இனி பிலோ சீரோ. அது முதலில் முதல் ஆட்டத்துக்கான ஒரு சிறு இணைப்பாகத்தான் திட்டமிடப்பட்டது. பிறகு தனி ஆட்டமாக வளர்ந்து, 2019 ஜனவரி 30 அன்று ஏர்லி ஆக்சஸில் வந்தது. கடல் சிறியதாக இருப்பதன் காரணம் இந்தப் பிறப்பில் இருக்கிறது. யாருடைய சோம்பலிலும் இல்லை. இணைப்பாக இருந்திருந்தால் இந்த அளவு தாராளம் என்று பாராட்டப்பட்டிருக்கும். வாகனங்கள் எட்டக்கூடிய ஆழத்தின் எல்லையும் 1,700 மீட்டரிலிருந்து 1,000 மீட்டராகக் குறைந்தது.

கதையின் பிறப்பு இன்னும் சிக்கலானது. ஏர்லி ஆக்சஸில் முதலில் வந்த வடிவத்தில், நாயகி ராபின் அயூ ஆல்டெரா நிறுவனத்துக்காக வேலை செய்யும் ஆராய்ச்சியாளர். அவருடைய சகோதரி சாம் மேலே விண்வெளி நிலையத்திலிருந்து வானொலியில் பேசிக்கொண்டிருப்பார். நடுவழியில் இந்தக் கதை கைவிடப்பட்டு வேறொன்று எழுதப்பட்டது. இறுதி வடிவத்தில் சாம் இறந்துவிட்டார். முதல் ஆட்டத்தின் நிகழ்வுகளுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, அந்த இறப்பின் உண்மையை அறிய ராபின் யாருக்கும் தெரியாமல் தானாகவே கோளுக்கு வருகிறார்.

தானாகவே வருகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். ரைலிக்கு ஒரே ஓர் ஆசை: போய்விடவேண்டும். ராபினுக்குப் போகும் அவசரம் இல்லை. காராவின் தொற்று கடலில் ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது. வானத்தில் வந்து அழியும் கலம் இல்லை, அரோராவினுடையதுபோல் வெடிக்கக் காத்திருக்கும் உலை இல்லை. பதிலுக்கு இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று சாமின் மரணம்: காரா உறைந்து கிடக்கும் ஒரு பேருயிரின் உடலை ஆல்டெரா ஆராய்ந்ததும், சாம் அதைத் தடுக்க முயன்றதும். இது பெரும்பாலும் பனித்தரையில், நிறுவனத்தின் கைவிடப்பட்ட நிலையங்களில் நடக்கிறது. மற்றொன்று, பீரங்கியை நிறுவிய அதே பழைய இனத்தைச் சேர்ந்த அல்-ஆன். உடலின்றிச் சேமிப்பகத்தில் கிடந்த அவரது மனம் ராபினின் தலைக்குள் குடியேறுகிறது. அவருக்கு எலும்பும் திசுவும் உறுப்பும் தேடி ஓர் உடல் செய்துதர வேண்டும். இது கடலிலும் குகைகளிலும் நடக்கிறது.

ஒரு கதை தரைக்கு இழுக்க, மற்றது அங்கங்கே சிதறிய இடங்களுக்கு அனுப்புகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை என்று சொன்னாலும் தவறில்லை. இதற்குச் சான்று ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ராபின் எதற்காக வந்தாரோ அந்தச் சாமின் கதையை முடிக்காமலே ஆட்டத்தை முடித்துவிடலாம். அல்-ஆனுக்கு உடல் கிடைத்ததும் இருவரும் அவரது தாய்க்கோளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நடுவழியில் மாற்றி எழுதிய கதையின் தையல் இந்த இடத்தில் நன்றாகவே தெரிகிறது.

அதற்காக ராபின் பேசுவதையே குற்றமாக்குவது சரியில்லை. அல்-ஆனுடன் அவர் நடத்தும் உரையாடல்கள் ஆட்டத்தின் நல்ல பகுதிகள். கூட்டு மனமாக வாழ்ந்து பழகிய ஓர் உயிர், தனி ஆளாக இருப்பது எப்படி என்று ஒரு மனுஷியிடம் கேட்டறிவது சுவையான எழுத்து. கிம்பர்லி புரூக்ஸின் குரலும் அதற்குப் பொருந்துகிறது. சிக்கல் பேச்சு வரும் இடத்தில். தலைக்குள் துணைக்கு ஒருவர் இருக்கும்போது இருட்டில் தனியாக இருப்பதன் கனம் குறைந்துவிடுகிறது. எதைக் கண்டு வியக்கவேண்டும் என்பதை ராபின் சொல்லிவிடுவதால், ஆடுபவர் தானாக வியப்பதற்கு இடம் குறைகிறது.

தரைப் பகுதிகளைக் காப்பாற்றிப் பேசுவது கடினம். குளிர் என்ற புதிய அளவுகோல் காகிதத்தில் நல்ல யோசனை: நீருக்குள் மூச்சு, நிலத்தில் உடற்சூடு. நடைமுறையில், ஸ்னோ ஸ்டாக்கர் என்ற விலங்கின் மயிரைச் சேகரித்துக் குளிர் உடை தைத்துக்கொண்டதும் அந்த அளவுகோலின் பல் பிடுங்கப்பட்டுவிடுகிறது. வெண்மையான பனிச்சந்துகள் ஒன்றுபோலவே இருப்பதால் வழி தவறுவது எளிது. கடலில் வழி தவறினால் பயம் வரும். இங்கே எரிச்சல்தான் வருகிறது. பனிப்புழு லெவியாதன் தரையைப் பிளந்து வெளிவரும் காட்சி முதல் தடவை திகைக்கவைக்கும். ஸ்னோஃபாக்ஸ் வண்டியிலிருந்து நான்காவது முறை தூக்கி எறியப்படும்போது அது வெறும் தடங்கல்.

கடலுக்குள்ளும் அச்சம் மட்டுப்பட்டிருக்கிறது. முதல் ஆட்டத்தில் காற்றுக்குமிழி விடும் பவளங்கள் சில இடங்களில் இருந்தன. இரண்டாவதில் காற்றுத் தரும் செடிகள் குகைகளின் வழிநெடுக முளைத்திருக்கின்றன; அவற்றைத் தொடர்ந்தே ஆழத்துக்கு இறங்கிவிடலாம். தலைக்கு மேலே பனிப்பாளம் இருப்பதால் நேராக மேலேறி மூச்சு வாங்க முடியாத இடங்கள் உண்டு. முதல் ஆட்டத்தில் இல்லாத அருமையான ஆபத்து இது. ஆனால் அந்த ஆபத்தைச் செடிகள் அங்கங்கே தணித்துவிடுகின்றன. ஷேடோ லெவியாதன் பார்க்கப் பயங்கரமானது. இடுக்கான படிகக் குகைகளில் எதிர்ப்படுவதால் தப்பிக்கும் இடம் குறைவு. எனினும் அது எங்கே இருக்கும் என்பது விரைவில் பிடிபட்டுவிடுகிறது. முதல் ஆட்டத்தின் திறந்த நீரோ அந்த உறுதியை ஒருபோதும் தந்ததில்லை.

சைக்ளாப்ஸுக்குப் பதிலாக வந்தது சீட்ரக். முன்னால் ஓட்டுநர் அறை; பின்னால் சேமிப்பு, படுக்கை, பட்டறை, பிரான் உடையைப் பூட்டிக்கொள்ளும் கொக்கி என ரயில்பெட்டிகளை இணைத்துக்கொண்டே போகலாம். பெட்டி கூடக்கூட வேகம் குறையும். பொறியியல் சிந்தனையாகப் பார்த்தால் சைக்ளாப்ஸைவிடக் கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு. இறுக்கமான குகைகளுக்கு ஏற்றது. பெட்டிகளைக் கழற்றிவிட்டுத் தலைப்பகுதியோடு மட்டும் ஓடலாம். ஆனால் சின்னக் கடலில் வீடு எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால், பலர் ஒன்றிரண்டு பெட்டிகளோடு ஆட்டத்தையே முடித்துவிடுகிறார்கள். நல்ல வாகனம்தான், அது போக வேண்டிய தொலைவுதான் அந்தக் கடலில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, பிலோ சீரோ முந்திய இடங்களையும் சொல்லவேண்டும். கட்டுமானத்தில் அது தெளிவாகவே மேலானது. பெரிய அறைகளும் கண்ணாடிக் கூரைகளும், மின்சாரத்தைப் பகுதி பகுதியாகக் கையாளும் கட்டுப்பாட்டு அறையும் கடலடி வீட்டுக்கு உண்மையான ஆசையைக் கிளப்புகின்றன. முதல் ஆட்டத்தில் கண்ணெதிரே திடீரென்று முளைக்கும் பாறைகளும், தரை வழியே நழுவி விழுந்துவிடும் பிழைகளும் நிறைய. இரண்டாவது பெரும்பாலும் சீராக ஓடுகிறது. ட்விஸ்டி பிரிட்ஜஸ் பகுதியின் முறுக்கிய பவளப் பாலங்கள் முதல் ஆட்டத்தின் எந்தக் காட்சிக்கும் இளைத்தவை அல்ல. கையிலிருக்கும் கருவியைப் பறித்துக்கொண்டு ஓடும் கடல் குரங்குகள், பிறகு மனமிரங்கி எதையாவது கொண்டுவந்து நீட்டுவது போன்ற குறும்பு முதல் ஆட்டத்தில் கிடையாது. முதல் ஆட்டத்தின் டெகாசி பதிவுகளில் குரலாக மட்டும் வந்த மார்கரிட் மைடா இங்கே நேரிலேயே வருகிறார். அவருடைய முரட்டுத்தனம் முழுக் கதையைவிடவும் உயிரோடு இருக்கிறது. பென் பிரன்டியின் இசை முந்தையதைப் பின்பற்றாமல் தனக்கென்று ஒரு குளிர்ச்சியைத் தேடிக்கொண்டது. ஆழ்கடல் என்றாலே நடுங்குபவர்களும், முதல் ஆட்டத்தைப் பாதியில் விட்டவர்களும் பிலோ சீரோவை முழுதாக முடித்திருக்கிறார்கள். அது குறையல்ல.

எந்த இரண்டாம் ஆட்டமும் தப்ப முடியாத ஒரு பாதகமும் இதற்கு இருக்கிறது. முதல் ஆட்டத்தின் பெரிய சொத்து ஆடுபவரின் அறியாமை. டைட்டானியம் எங்கே கிடைக்கும், மின்கலம் எப்படிச் செய்வது, எந்த ஓசைக்கு ஓடவேண்டும் என்பதெல்லாம் ஒருமுறைதான் புதிது. அதே கோளில், அதே வேற்றினத்தின் எச்சங்களோடு இன்னோர் ஆட்டம் என்று முடிவான கணத்திலேயே அந்தச் சொத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் முழுப் பழியையும் இதன் மேல் போடக்கூடாது. முதல் ஆட்டத்தை இரண்டாம் முறை ஆடுபவருக்கும் எல்லாம் தெரியும். அவருக்கும் லாஸ்ட் ரிவரின் பச்சை நீரில் கிடக்கும் ராட்சத எலும்புக்கூட்டின் மேல் சைக்ளாப்ஸை மிதக்கவிடும்போது நெஞ்சு கொஞ்சம் இறுகுகிறது. தெரிந்த பிறகும் மிஞ்சும் அந்த இறுக்கம், கீழே போவதைத் தவிர வேறு வழியில்லாத அமைப்பிலிருந்து வருகிறது. பிலோ சீரோவை இரண்டாம் முறை ஆடுபவருக்கு மிஞ்சுவது, எந்த வேலையை எந்த வரிசையில் முடிப்பது என்ற பட்டியல்.

ஆகவே கணக்கு இப்படி வருகிறது. தனி ஆட்டமாக பிலோ சீரோ நன்று. முதலாவதன் தொடர்ச்சியாக அது ஈடில்லை. குறிப்பாக, புதிதாக வாங்குபவருக்கு அதை முதலில் ஆடச் சொல்வது கூடாது. அதன் வசதிகளுக்குப் பழகியவர் முந்தையதன் கரடுமுரடைப் பொறுப்பது கடினம். கதையும் காராவின் முடிவைத் தொடக்கத்திலேயே போட்டுடைத்துவிடும். முதலாவதை ஆடும்போது இணையத்தில் வரைபடம் தேடாமலிருப்பதும், பசி, தாகத்தோடு கூடிய சர்வைவல் முறையைத் தேர்வதும் நல்லது. பிலோ சீரோவுக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை. பசியும் தாகமும் இல்லாத ஃப்ரீடம் முறையில் அது எதையும் பெரிதாக இழப்பதில்லை.

2022 டிசம்பரில் 'லிவிங் லார்ஜ்' என்ற இற்றைப்படுத்தல் முதல் ஆட்டத்துக்கு வந்தது. பிலோ சீரோவின் பெரிய அறையும் கண்ணாடிக் கூரையும் அதன் வழியே மூத்த ஆட்டத்துக்குள் புகுந்தன. இன்று புதிதாக முதலாவதை வாங்குபவர், இரண்டாவதன் மிகச் சிறந்த பங்களிப்பில் ஒரு பகுதியைப் பழைய, ஆழமான கடலுக்குள்ளேயே கட்டிப்பார்க்கலாம். இதற்கிடையே 2021 அக்டோபரில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அன்னோன் வேர்ல்ட்ஸை வாங்கிவிட்டது. 2024 அக்டோபரில் 'சப்நாட்டிகா 2' அறிவிக்கப்பட்டது: புதிய கோள், நான்கு பேர் வரை சேர்ந்து ஆடும் வசதி. கோள் புதிது என்பதால் அறியாமை திரும்பக் கிடைக்கும். துணையோடு இறங்குபவர்களை ஆழம் எப்படிப் பயமுறுத்தும் என்ற கேள்வி, ராபினின் தலைக்குள் அல்-ஆன் குடியேறியபோதே தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
இரு கடல்களிலும் மூழ்கி எழுந்த ஒருவர்